ரட் மூன் இந்த வருஷம் அக்டோபர் 26ங்கறாங்க, லீவ அப்ப போடவா நவம்பர்ல போடவா?

புதுவில்

வணக்கம் மக்களே. அமெரிக்காவுல ஒஹாயோல மான் வேட்டைல எனக்கு இது ரெண்டாவது சீசன். போன வருஷம் கிராஸ்போவ (விசை வச்ச வில்லு) தூக்கிட்டு ஒம்போது தடவ மரத்துல ஏறி உக்காந்தேன், மொத்தமா பாத்தது மூணு டோ (பொட்ட மான்), அதுவும் அம்பு எட்டாத தூரத்துல, மத்தபடி அணில் அணில் அணில்தான். பக்குன்னு (கொம்பு வச்ச ஆண் மான்) ஒண்ண, காட்டுல கட்டி வச்ச ட்ரெயில் கேமராவுல பாத்ததோட சரி, அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து கேமராவ மோந்து பாத்துட்டு போயிருக்கு.

இந்த வருஷம் ஆபீஸ்ல நாலு நாள் லீவு மிச்சம் இருக்கு, அந்த நாலும் இதுக்குதான்னு முடிவு பண்ணிட்டேன், எப்ப போடுறதுங்கறதுலதான் குழப்பம். கூட வேல பாக்குற ஒருத்தர், இருவது வருஷமா வேட்டைக்கு போறவர், அவர் என்ன சொல்றாருன்னா செப்டம்பர்ல பகலும் ராத்திரியும் சமமா வர்ற நாளுக்கு அப்புறம் வர்ற ரெண்டாவது பௌர்ணமிதான் ரட் மூன், அதுதான் ரட்ட, அதாவது மான் இணை சேர்ற பருவத்த, கெளப்பி விடும், இந்த வருஷம் மொத பௌர்ணமி செப்டம்பர் 26, ரெண்டாவது அக்டோபர் 26, அதனால ரட் சீக்கிரமே வந்துரும், அக்டோபர் கடைசி வாரமே லீவ போட்டுரு, நவம்பர்ல போனா எல்லாம் முடிஞ்சி போயிருக்கும்ங்கறாரு. இன்னொரு பக்கம் போன்ல இருக்குற நிலா ஆப் நவம்பர் 9 அமாவாசைய சுத்தி ஸ்டாரா கொட்டி வச்சிருக்கு. இதுல யூடியூப்ல ஒருத்தர் பௌர்ணமி வாரம் காலைல போறதே வேஸ்ட், மான் ராத்திரி பூரா நிலா வெளிச்சத்துல மேஞ்சிட்டு விடியறதுக்குள்ள படுத்துரும், மத்தியானம் போய் உக்காருங்கன்னு சொல்றாரு.

மூணு பேரு மூணு சொல்றாங்க. யாராச்சும் அனுபவத்துல இருந்து சொல்லுங்க, நாலு நாள வீணாக்கிட்டு அடுத்த வருஷம் வரைக்கும் பொலம்ப முடியாது.

நோட்டுக்காரன்

அந்த ரெண்டாவது பௌர்ணமி கணக்கு உங்க ஆபீஸ்காரர் சொந்தமா அவுத்து விட்டது இல்ல தம்பி. நியூயார்க் பக்கம் சார்ல்ஸ் ஆல்ஸ்ஹைமர்னு ஒரு போட்டோகிராபர் இருந்தாரு, மான் பத்தியே எழுதிட்டு இருந்தவர், அவர் பல வருஷம் பாத்துட்டு சொன்ன தியரி அது. ஆள் லேசுப்பட்டவர் இல்ல, காட்டுலயே கெடந்தவர், அதனாலதான் இன்னிக்கும் ஜனங்க அத விடாம புடிச்சிட்டு இருக்காங்க. நானும் அத நம்பி அஞ்சாறு வருஷம் காலண்டர்ல வட்டம் போட்டு லீவு எடுத்தவன்தான், சிரிக்காதீங்க.

ஆனா தேதிய வரிசையா எழுதி பாருங்க. அந்த ரெண்டாவது பௌர்ணமி 2023ல அக்டோபர் 28, 2024ல நவம்பர் 15, 2025ல நவம்பர் 5, இப்ப 2026ல அக்டோபர் 26. 2023க்கும் 2024க்கும் நடுவுல மட்டும் 18 நாள் ஆடிருக்கு. நிலாதான் ரட்ட கெளப்புதுன்னா டோ சினை புடிக்கிற தேதியும் அதே மாதிரி ஒரு வருஷம் முன்ன ஒரு வருஷம் பின்னன்னு ஆடணும்ல? அத பாக்க வழி இருக்கு. ரோட்ல அடிபட்டு செத்த டோ வயித்துல இருக்குற குட்டியோட நீளத்த அளந்தா என்னிக்கு சினையாச்சுன்னு பின்னாடி எண்ணி சொல்லிரலாம், மொத்தமா சுமக்குறது ஏறக்குறைய 200 நாள். வனவிலங்கு துறைக்காரங்க பல ஸ்டேட்ல இந்த வேலைய வருஷக்கணக்கா பண்ணிட்டு வர்றாங்க. வடக்கு ஸ்டேட்கள்ல உச்சம்னு பாத்தா நவம்பர் நடு வாக்குலயே வந்து நிக்குது, நிலா எங்க இருந்தாலும் சரி.

ஏன்னா டோ உடம்புக்குள்ள இருக்குற காலண்டர் பகல் நீளம். ராத்திரி நீள நீள மூளைல மெலடோனின்ங்கற ஹார்மோன் சுரக்குற நேரமும் நீளும், அத வச்சிதான் அதோட உடம்பு இது எந்த மாசம்னு தெரிஞ்சிக்குது. பகல் நீளம் வருஷா வருஷம் அதே தேதிக்கு அதேதான், ஆடாது அசையாது. யோசிச்சா அதுதான் நியாயமும் கூட. நவம்பர் நடுவுல சினையானா குட்டி மே கடைசி ஜூன் ஆரம்பத்துல விழும், பச்ச பசேல்னு இருக்குற நேரம், தாய்க்கு பால் ஊறும். நிலாவ நம்பி ஒரு வருஷம் மூணு வாரம் முன்ன போட்டா குட்டி குளிர்ல விறைச்சிரும், பின்ன போட்டா அடுத்த பனிக்குள்ள கொழுப்பு சேக்க நேரம் பத்தாது. அப்படி தப்பு கணக்கு போட்ட மானோட வம்சம் எப்பவோ போயிருக்கும்.

இது வடக்குக்கு சொல்றேன். தெக்க போனா கதை வேற, அலபாமால நிறைய எடத்துல ஜனவரிலதான் ரட், தெற்கு டெக்சாஸ்ல டிசம்பர், ஃப்ளோரிடால ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் மாசக்கணக்குல வித்தியாசம். அங்க இருந்து ஒருத்தர் போடுற வீடியோவ பாத்துட்டு ஒஹாயோல லீவு போட்டுறாதீங்க.

பௌர்ணமிப்பாண்டி

வந்துட்டாருய்யா நம்ம நோட்டு. 😀

டேட்டா பேசுறவங்க பேசட்டும், நான் கண்ணால கண்டத சொல்றேன். ஒரு நவம்பர், சரியான பௌர்ணமி, காலைல இருந்து ஒரு காக்கா கூட இல்ல, கூட வந்தவன் பத்து மணிக்கே எறங்கி வண்டிக்கு போயிட்டான். நான் மட்டும் இருந்தேன், நிலா பூமிக்கு அந்தப் பக்கம், நம்ம காலுக்கு கீழ இருக்குற நேரம் மத்தியானத்துக்கு கொஞ்சம் முன்ன பின்னன்னு அட்டவணைல போட்டிருந்துச்சு. பதினொன்னே முக்கால் இருக்கும், தெர்மாஸ் மூடிய தொறந்துட்டு இருக்கேன், எட்டு பாயிண்ட் (கொம்புல எட்டு முனை) பக் ஒண்ணு என்னமோ வாடகை வாங்க வர்றவன் மாதிரி தலைய தொங்க போட்டுக்கிட்டு நேரா மரத்தடிக்கே வருது. மூடி கைல, வில்லு கொக்கில. எப்படி எடுத்தேன் எப்படி இழுத்தேன்னு இன்னிக்கும் தெரியாது. அந்த கொம்பு இப்ப சுவத்துல இருக்கு.

அதுக்கப்புறம் பௌர்ணமி மத்தியானத்துல நான் எறங்குறதே இல்ல, இன்னும் ரெண்டு தடவ பாத்திருக்கேன். ராத்திரி வண்டில வர்றப்ப பாருங்க, நெறஞ்ச நிலால சோயா வயல் பூரா மானா நிக்கும், இருட்டு நாள்ல அவ்ளோ தெரியாது. ராத்திரி பூரா மேஞ்சா காலைல எதுக்கு வரும், தூங்கி எந்திரிச்சி மத்தியானம் வரும். இதுக்கு எதுக்கு மெலடோனின் கிலடோனின்?

தம்பி, அக்டோபர் 26க்கே போடு. பௌர்ணமிய விட்டுறாத.

அரைநிலா

பாண்டி அண்ணா கோச்சுக்காதீங்க, அந்த வயல் விஷயத்துல ஒரு சின்ன ஓட்டை இருக்கு. நெறஞ்ச நிலால மான் நிறைய *தெரியுது*, அது சரி. நிறைய *வருதா*ங்கறது வேற கேள்வி. அமாவாசை ராத்திரியும் அதே வயல்ல அத்தனையும் நிக்கலாம், உங்க ஹெட்லைட் படாத எடத்துல நின்னா உங்களுக்கு எப்படி தெரியும்?

இதுக்குதான் கழுத்துல ஜிபிஎஸ் காலர் மாட்டுனது. மனுசன் பாத்தாதான் கணக்குங்கற பிரச்சனையே அதுல இல்ல, இருட்டோ வெளிச்சமோ அது எங்க போச்சு எவ்ளோ நடந்துச்சுன்னு மணிக்கு மணி பதிஞ்சிரும். ஓக்லஹோமால வெள்ளைவால் மானுக்கு அப்படி மாட்டி பண்ண ஆய்வு ஒண்ணு 2010ல வந்துச்சு. அதுல தெரிஞ்சது என்னன்னா மான் அதிகமா நடக்குறது விடியகாலையும் அந்தி சாயுற நேரமும், பக்கு ரட் சமயத்துல இன்னும் அதிகமா சுத்துது, நிலா எந்த கட்டத்துல இருந்தாலும் அந்த வடிவம் சொல்லிக்கிற மாதிரி மாறல. வேட்டைக்காரங்க ரொம்ப வருஷமா சண்ட போட்டுட்டு இருந்த விஷயம், மான் கழுத்துல மிஷின கட்டுனதும் இப்படி சப்புனு போயிருச்சு.

வெளிச்சத்த பத்தி ஒண்ணு சொல்லணும். பௌர்ணமி நமக்குதான் பளிச்சுனு இருக்கு, அளந்தா அது கால் லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) அளவுதான். சூரியன் உதிக்க அரை மணி முன்னாடி, மேகம் இல்லாத வானத்துல இருக்குற வெளிச்சமே அத விட பத்து மடங்குக்கு மேல. அரை நிலான்னா பௌர்ணமில பாதி வெளிச்சம்னு நினைப்போம், அதுவும் தப்பு, பத்துல ஒரு பங்குதான் வரும். மானுக்கு இந்த கால் லக்ஸ் ஒரு பொருட்டே இல்ல, அதோட கண்ணுக்கு பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, ஹெட்லைட் பட்டா மின்னுதே அதேதான், உள்ள வந்த வெளிச்சத்த திருப்பி அடிச்சி இன்னொரு தடவ பாக்க வைக்கும். நட்சத்திர வெளிச்சத்துலயே அது சௌகரியமா மேயும். நிலா இருந்தாதான் ராத்திரி சாப்பிட முடியும்ங்கறது நம்ம கண்ண வச்சி அதுக்கு சொல்ற கதை. சாப்பாடும் ஒரேயடியா ராத்திரில முடிச்சிட்டு படுக்குற வேல இல்ல, அது அசை போடுற பிராணி, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ எந்திரிச்சி மேயணும், நடுவுல படுத்து அசை போடணும், நிலா இருந்தாலும் அதேதான் இல்லன்னாலும் அதேதான்.

இப்ப அந்த ஆப். அதுக்கு பின்னாடி இருக்குறது ஜான் ஆல்டன் நைட்னு ஒருத்தர் 1926ல ஆரம்பிச்ச சொலூனார் கணக்கு, அவர் அத யோசிச்சது மீன் புடிக்கிறவங்களுக்காக, மான் பின்னாடி வந்து சேந்துச்சு. நிலா தலைக்கு நேர் மேல இருக்குற நேரமும் காலுக்கு நேர் கீழ இருக்குற நேரமும் பெரிய நேரம், ரெண்டு ரெண்டு மணி நேரம். நிலா உதிக்கிற நேரமும் மறையுற நேரமும் சின்ன நேரம், ஒவ்வொரு மணி. ராகு காலம் எமகண்டம் அட்டவணைய தலைகீழா திருப்பி போட்ட மாதிரி, நல்ல நேரம் மட்டும் இருக்கும். கூட்டுங்க, 24 மணி நேரத்துல 6 மணி நேரம், கால்வாசி நாள். கண்ண மூடிட்டு பகடை உருட்டுனாலே நாலுல ஒரு மான் அந்த நேரத்துக்குள்ள வந்து விழும், அத வந்தப்ப நாம சொல்லுவோம் "பாத்தியா ஆப் சொன்ன மாதிரியே வந்துச்சு"ன்னு, மத்த மூணும் ஞாபகத்துல நிக்காது.

இன்னொரு தமாஷ், நிலா ஒவ்வொரு நாளும் சராசரியா 50 நிமிஷம் லேட்டா வரும், அதனால இந்த நல்ல நேரம் நாளெல்லாம் நகந்துட்டே இருக்கும். பாதி நிலா நாள்ல நிலா தலைக்கு மேல வர்றது கரெக்டா விடியற நேரத்துலயோ அந்தியிலயோ வந்து ஒட்டும், உடனே அஞ்சு ஸ்டார். பௌர்ணமி அமாவாசைல உதிக்கிறதும் மறையுறதும் வந்து ஒட்டும், அப்பயும் ஸ்டார். விடியலும் அந்தியும் எப்பயுமே நல்ல நேரம், ஸ்டார் வாங்கிட்டு போறது மட்டும் நிலா. நாலு ஆப்ப ஒண்ணா தொறந்து வச்சி பாத்தேன் ஒரு தடவ, எல்லாத்தையும் சேத்து பாத்தா மாசத்துல கெட்ட நாள்னு ஒண்ணே இல்ல.

பௌர்ணமிப்பாண்டி

அப்ப என் எட்டு பாயிண்ட் பொய்யா வந்துச்சா அக்கா?

அரைநிலா

பொய்யா ஏன் வரணும், நவம்பர்ல வந்துச்சு. நவம்பர் ஆரம்பத்துல பக்கு டோவ தேடி மத்தியானமும் திரியும், அதுக்கு பௌர்ணமி தேவையில்ல. உங்க கூட்டாளி எறங்கி போன மாதிரி எல்லாரும் பத்து மணிக்கு எறங்கிருவாங்க, மத்தியானம் மரத்துல ஆளே இருக்காது. பௌர்ணமின்னு நீங்க இருந்தீங்க, கெடச்சுது. எல்லா நவம்பர் நாளும் இருந்து பாருங்களேன்.

நோட்டுக்காரன்

அரைநிலா சொல்றத நான் சொந்த காசுல படிச்சவன்.

என் பேரே நோட்டுக்காரன்னு வச்சிருக்கேன் ஏன்னா பதினாலு வருஷமா ஒவ்வொரு தடவ உக்காந்ததையும் எழுதி வச்சிருக்கேன், தேதி, எந்த மரம், காத்து எந்த பக்கம், குளிர் எவ்ளோ, நிலா, எத்தன மான், எத்தன மணிக்கு. ஒரு குளிர்காலத்துல பொழுது போகாம எல்லாத்தையும் கூட்டி பாத்தேன், பௌர்ணமிய ஒட்டுன நாள்ல பாத்த மான் எண்ணிக்கை மத்த நாள விட எக்கச்சக்கம். மேசைய தட்டி வீட்ல எல்லாரையும் கூப்ட்டு காட்டுனேன். என் பொண்ணு அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டு இருந்தா, நோட்ட புரட்டி பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா, "அந்த நாள்லாம் எத்தன மணி நேரம்ப்பா உக்காந்தீங்க?"

பாருங்க, பௌர்ணமிக்குதான் நான் லீவே போட்டிருக்கேன், விடியறதுல இருந்து இருட்டுற வரைக்கும் உக்காந்திருக்கேன். மத்த நாள் எல்லாம் வேலைக்கு போயிட்டு வந்து ஒரு மணி நேரம் ஒன்ற மணி நேரம். பொண்ணு சொன்ன மாதிரி மணி நேரத்தால வகுத்தேன், நிலா வித்தியாசம் காணாம போச்சு. ரெண்டு ராத்திரி தூக்கம் வரல எனக்கு, எத்தன லீவ அதுக்கு குடுத்திருக்கேன்னு நினைச்சி.

வகுத்த பிறகும் நோட்டுல அழியாம நின்னது கொஞ்சம்தான். ஒண்ணு தேதி, நவம்பர் மொத பத்து பன்னெண்டு நாள். அப்பதான் டோ இன்னும் தயாராகல, பக்கு மட்டும் தயாராகி பைத்தியம் புடிச்ச மாதிரி தேடிட்டு ஓடும், பகல் ராத்திரின்னு பாக்காது. நடு நவம்பர் உச்சம்னு சொன்னேன்ல, உச்சத்துல வேட்டை நல்லா இருக்கும்னு நினைக்காதீங்க, அப்ப பெரிய பக்கு எல்லாம் ஆளுக்கொரு டோவ புடிச்சிட்டு புதருக்குள்ள ஒரு நாள் ஒன்ற நாள் அசையாம கெடக்கும், ஏன்னா டோ அந்த நெலமைல இருக்குறதே 24லருந்து 36 மணி நேரம் வாக்குலதான். காடு செத்த மாதிரி இருக்கும். அப்ப சினை புடிக்காத டோ ஏறக்குறைய 28 நாள் கழிச்சி மறுபடியும் தயாராகும், டிசம்பர்ல ஒரு சின்ன ரட்டுன்னு சொல்றது அதுதான். இந்த 28ம் நிலாவோட 29 சொச்சமும் பக்கத்துல பக்கத்துல இருக்குறத பாத்துட்டுதான் பாதி பேருக்கு நிலா பைத்தியம் புடிச்சிருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ரெண்டாவது குளிர். நாலு நாள் வெதுவெதுன்னு இருந்துட்டு வடமேற்குல இருந்து காத்து திரும்பி டக்குனு குளிர் எறங்குச்சுன்னா அன்னிக்கு எந்த வேலையையும் விட்டுட்டு நான் போயிருவேன். ஆய்வுக்காரங்க இதுக்கும் சண்ட போடுவாங்க, போடட்டும், என் நோட்டுல இருக்கு, குளிர்கால ரோமம் போட்ட மானுக்கு வெயில்ல ஓட புடிக்காதுங்கறது எனக்கு போதுமான காரணம்.

மூணாவது காத்து, இதுதான் எல்லாத்தையும் தூக்கி சாப்ட்டுரும். எந்த திசைன்னு ஆப்ல பாத்தா மட்டும் பத்தாது. காலைல குளிர்ந்த காத்து சரிவுல கீழ எறங்கிட்டே இருக்கும், வெயில் பட்டதும் மேல ஏற ஆரம்பிக்கும், சாயங்காலம் நெழல் விழுந்ததும் மறுபடி எறங்கும். ஓடைக்கு பக்கத்துல பள்ளத்துல ஸ்டாண்ட் (மரத்துல உக்கார்ற மேடை) கட்டிட்டு சாயங்காலம் சரிவுக்கு மேல இருந்து வண்டிய விட்டு எறங்கி வந்தா உங்க வாசம் உங்களுக்கு முன்னாடி போய் எல்லா மானுக்கும் சேதி சொல்லிரும். ஒரு வருஷம் பூரா நான் அப்படித்தான் உக்காந்தேன், நிலா சரியில்லன்னு எழுதி வச்சிருக்கேன் நோட்டுல. 😄

புதுவில் தம்பி, உங்க ஸ்டாண்ட் எங்க இருக்கு, எந்த பக்கமா நடந்து போறீங்க?

புதுவில்

படிக்கவே ரெண்டு தடவ ஆச்சு. ரொம்ப நன்றி எல்லாருக்கும்.

ஸ்டாண்ட் ஒரு ஓக் மரக் கூட்டத்தோட ஓரத்துல இருக்குங்கண்ணா, வடக்கு பக்கம் சோளம் அறுத்த வயல், தெக்க அடர்ந்த புதர், அதுக்குள்ளதான் மான் படுக்குதுன்னு நினைக்கிறேன். நான் வண்டிய தெக்கால நிறுத்திட்டு அந்த புதர் ஓரமாத்தான் நடந்து வர்றேன், ஏன்னா அதான் கிட்ட வழி. இப்ப எழுதுறப்பவே எனக்கு வெக்கமா இருக்கு.

அப்ப பௌர்ணமி காலைல போலாமா கூடாதா? அக்டோபர் கடைசி வாரம் மொத்தமா வேஸ்டா? இன்னொன்னு, நவம்பர் 1ந்தேதி கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கிறாங்கல்ல, அது மானுக்கு ஏதாச்சும் பண்ணுமா, கேக்கவே முட்டாள்தனமா இருக்கு ஆனா தெரியல.

நோட்டுக்காரன்

மான் படுக்குற எடத்த மோந்து பாத்துட்டே போய் உக்காந்திருக்கீங்க, அணிலாச்சும் வந்துச்சேன்னு சந்தோசப்படுங்க. வடக்கால சுத்தி வாங்க, சாயங்காலம்னா மான் வயலுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துரணும், காலைலன்னா மான் வயல்ல நிக்கும், அந்த வழில போனா வெரட்டி விட்டுருவீங்க, அதனால காலை வேளைக்கு அந்த ஸ்டாண்டே ஆகாது, புதருக்கு கிழக்கயோ மேற்கயோ இன்னொரு மரம் பாருங்க.

பௌர்ணமி காலைல தாராளமா போலாம். வீட்ல படுத்திருந்தா கெடைக்கவே கெடைக்காது, அது மட்டும் எந்த ஆய்வும் இல்லாம சொல்றேன்.

பௌர்ணமிப்பாண்டி

கடிகாரம் கேள்வி முட்டாள்தனம் இல்ல தம்பி, இந்த த்ரெட்லயே உருப்படியான கேள்வி அதுதான். மான் கைல வாட்ச் கட்டல, அதுக்கு ஒண்ணும் ஆகாது. உனக்குதான் ஆகும்.

நீ ஆபீஸ் எத்தன மணிக்கு முடிப்ப? அக்டோபர் 26 சாயங்காலம் நம்ம பக்கம் சூரியன் மறையுறது ஆறரை மணி தாண்டி. மறைஞ்சி அரை மணி வரைக்கும் சட்டப்படி அம்பு விடலாம், ரூல் புக்ல அன்னன்னிக்கு நேரம் பாத்துக்கோ. அதாவது ஏழு மணி வாக்குல வரைக்கும் உனக்கு நேரம் இருக்கு, லீவே வேண்டாம், வேல முடிச்சிட்டு நேரா போய் உக்காரலாம். நவம்பர் 1 ஆச்சுன்னா கடிகாரத்த திருப்பிருவான், அந்த வாரத்துல இருந்து அஞ்சரைக்கு முன்னாடியே சூரியன் போயிரும், நீ ஆபீஸ்ல இருந்து வெளிய வர்றப்ப பொழுது சாஞ்சிருக்கும். அப்ப சாயங்காலம் வேணும்னா லீவு போட்டே ஆகணும்.

அதனால லீவ நவம்பர்ல போடு, அக்டோபர் பௌர்ணமிக்கு சும்மா போ. எவ்ளோ சுத்தமான கணக்கு பாரு, நிலாவும் ஒரு பக்கம் நோட்டும் ஒரு பக்கம், நடுவுல நான்.

நிலா எதுக்கும் ஆகாதுன்னு மட்டும் ஒத்துக்க மாட்டேன். பௌர்ணமிய ஒட்டி காலைல நிலா மேற்கால நிக்கும், டார்ச் அடிக்காம ஸ்டாண்டுக்கு நடந்துரலாம். நவம்பர் மொத வாரமும் தேய்பிறை, பாதிக்கும் கம்மியான நிலா விடியகாலைல கிழக்கால இருக்கும், ஏதோ வழி தெரியும். 9ந்தேதி அமாவாசை, கும்மிருட்டு, வழில எங்கெங்க திரும்பணுமோ அங்க முன்னாடியே அடையாளம் கட்டி வச்சிரு. சாயங்காலம் அம்பு விட்டுட்டு ராத்திரி ரத்தத்த தேடிட்டு போறப்பயும் நிலா இருந்தா அந்த சுகமே தனி, இல்லன்னா நல்ல லைட் ரெண்டு எடுத்துக்கோ, ஒண்ணு கண்டிப்பா பாதில செத்துரும். ஏணில ஏறுறப்பவே ஹார்னஸ (விழாம புடிச்சிக்கிற பாதுகாப்பு பட்டை) மாட்டு, மேல போய் மாட்டிக்கலாம்னு நினைக்காத, எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் ஏறுறப்பதான் விழுந்தாரு.

அரைநிலா

பாண்டி அண்ணா இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க, இது யாருக்குமே தோணல பாருங்க!

ஒண்ணே ஒண்ணு சேக்கணும். கடிகாரம் மாறுறது மானுக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா ரோட்ல போற வண்டிக்கு பண்ணும், வேல முடிஞ்சி ஜனங்க வீட்டுக்கு போற நேரமும் அந்தி சாயுற நேரமும் ஒண்ணா வந்து விழுது, அதே சமயம் ரட்டு. வருஷத்துலயே மான் மேல வண்டி மோதுறது நவம்பர்லதான் அதிகம். ஸ்டாண்டுக்கு போற வழில மெதுவா போங்க, ஒண்ணு ரோட்ட தாண்டுச்சுன்னா பின்னாடியே இன்னொன்னு வரும், ரட் நேரத்துல அந்த பின்னாடி வர்றதுதான் நீங்க தேடுற ஆளு.

புதுவில்

ஆபீஸ் நாலரைக்கு முடியும், அங்க இருந்து வண்டில இருவத்தஞ்சு நிமிஷம்தான். போன அக்டோபர் பூரா இது தோணாம வீட்டுக்கு போய் நிலா வீடியோ பாத்துட்டு இருந்திருக்கேன்.

லீவு போட்டாச்சு. நவம்பர் 5 வியாழன், 6 வெள்ளி, அப்புறம் 9, 10 திங்கள் செவ்வாய். நடுவுல சனி ஞாயிறு தானா வருது, ஆக மொத்தம் ஆறு நாள் தொடர்ச்சியா. மேனேஜர் என்ன விசேஷம்னு கேட்டாரு, ரட்டுன்னு சொல்ல வாய் வரல, குடும்ப விஷயம்னு சொல்லிட்டேன். காலைக்கு புதருக்கு கிழக்க ஒரு மரம் பாத்து வச்சிருக்கேன், இந்த சனிக்கிழமையே ஏணிய கட்டிட்டு திரும்பி பாக்காம வந்துர்றேன். மத்தியானம் எறங்க மாட்டேன். ஆப்ப இன்னும் அழிக்கல, சூரியன் உதிக்கிற நேரம் மறையுற நேரம் அதுல போட்டிருக்கான், அதுக்கு மட்டும்.

அக்டோபர் 26 திங்கக்கிழம, ஆபீஸ் முடிச்சிட்டு சாயங்காலம் போறேன்.

பௌர்ணமிப்பாண்டி

அன்னிக்கு பக்கு வந்துச்சுன்னா பேரு பௌர்ணமிக்குதான், சொல்லிட்டேன். போட்டோ போடணும்.

நோட்டுக்காரன்

அன்னிக்கு காத்து வடக்கால இருந்து புதர் பக்கமா அடிச்சா போகாதீங்க தம்பி, வீட்லயே இருங்க. பாண்டி என்ன சொன்னாலும் சரி.